கிரீடம் வைத்த புரதம்

ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் பேராசிரியருக்கு வைத்திருந்த பெயர் 'மைக்'. ஒருமுறை கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. தன் குரல்வளத்துக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கெடுப்பானேன் என்று யாரும் திருத்தவில்லை.

சிலருக்குச் சொந்தமாக வீடு இருக்கும், சிலருக்குத் தோட்டம் இருக்கும். பேராசிரியருக்குச் சொந்தமாக ஒரு புரதம் இருந்தது. பாக்டீரியாவின் உடம்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்று. தலையில் கறுப்பு முடி இருந்த காலத்தில் அதை அவர் கண்டுபிடித்தார். அந்தப் புரதம் இல்லாத பாக்டீரியாக்களை ராத்திரி வளரவிட்டுக் காலையில் அளந்து பார்த்தால், அவற்றிடம் ஏடிபி அடிமட்டத்தில் இருந்தது. ஏடிபி என்பது ஒன்றும் புதிரல்ல. செல்லுக்குள் எந்த வேலை நடந்தாலும் எரிகிற எரிபொருள் அதுதான், பாக்டீரியாவானாலும் பேராசிரியரானாலும். புரதம் இருந்தால் எரிபொருள் இருக்கிறது, புரதம் போனால் எரிபொருளும் போகிறது. ஆகவே எரிபொருளை உண்டாக்குவது இந்தப் புரதமே என்று இளம் பேராசிரியர் முடிவு கட்டினார். கட்டியதோடு நிற்காமல் 'ஆற்றல் பேரரசன்' என்று பெயரும் சூட்டினார். அதற்கப்புறம் அந்தப் பேரரசனின் புகழ் பாடியே இரண்டு பதவி உயர்வும், ஜன்னலோரத்து அறையும், பெயர் எழுதிய வாகன நிறுத்துமிடமும் வாங்கிவிட்டார்.

இப்போது அதற்குச் சிலை வேறு. நிறுவனம் ஒரு புதிய ஆற்றல் ஆய்வு மையம் தொடங்கப்போகிறது. வாசலில் பேரரசனின் உருவத்தைப் பத்தடி உயரத்தில் வைப்பதென்று இயக்குநர் தீர்மானித்தார். செய்து கொடுத்தவர் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு யானையும் டைனோசரும் செய்கிற ஆள். புரதத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சி எதுங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பேராசிரியர் அரை மணி நேரம் விளக்கினார். விளக்கத்தின் பலனாக, பிசைந்து எறிந்த மாவு உருண்டை போன்ற ஒன்று வந்து இறங்கியது. உச்சியில் தங்க வண்ணக் கிரீடம். இறக்கிய ஆட்கள் எந்தப் பக்கம் மேலே என்று கிரீடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை விழா. அன்றைக்கு மேடையில் மையத்தின் தலைவர் யார் என்று அறிவிப்பார்கள். அது மைக்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவிக்குக்கூட ஒருமாதிரி நம்பிக்கை வந்துவிட்டது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் பேராசிரியருக்கு ஒரு யோசனை உதித்தது. பேரரசனை நீலக் கோடாகக் காட்டும் பழைய ஆய்வுக்கூடப் படம் மங்கிப்போயிருந்தது. புதிதாக ஒரு படம் வேண்டும். அதையும் தன் கையாலேயே சோதனை செய்து எடுத்தால், அதையே வீடியோவாகவும் பிடித்தால், மேடைத் திரையில் போட்டால்! வீடியோவுக்கு வெளியே போகத் தேவையில்லை. மனைவியின் தம்பி கல்யாண வீடியோ எடுப்பதில் கைதேர்ந்தவன்.

மச்சினன் இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைக் குடையோடு வந்து இறங்கினான். பேராசிரியர் புதிதாகத் தேய்த்த வெள்ளை அங்கியில் நின்றார். அவர் பிப்பெட்டைக் கையால் தொட்டுப் பல காலமாகியிருந்தது. உறிஞ்சுவதற்கு எந்தப் பொத்தான், துப்புவதற்கு எந்தப் பொத்தான் என்று திரும்பி நின்று ரகசியமாகப் பார்த்துக்கொண்டார்.

"அத்தான், ஊத்தும்போது கொஞ்சம் சிரிச்ச முகமா."

"விஞ்ஞானி சிரிக்கமாட்டான்டா. ஆழ்ந்து பாப்பான்."

"ஆழ்ந்து பாக்குறீங்களா, கண்ணாடியத் தேடுறீங்களான்னு தெரியல அத்தான். இன்னொரு தடவ ஊத்துங்க."

ஊற்றினார். மறுபடி ஊற்றினார். ஒரு வழியாகக் குடுவையில் இருந்த சத்துக் குழம்பில் பாக்டீரியாவை விட்டு, ஆட்டும் எந்திரத்தில் பொருத்தியதும் இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு. மேடைப் பூக்கள் மஞ்சளா வெள்ளையா என்பதில் பேராசிரியரின் கருத்து அவசரமாகத் தேவைப்பட்டது. மஞ்சள் என்று முடிவாவதற்குள் மாலையாகிவிட்டது. அங்கேயிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டார். வார இறுதி முழுக்க ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் குடுவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு: பாக்டீரியாவை இளசாக அறுவடை செய்ய வேண்டும். குழம்பு தண்ணிப்பால் மாதிரி கலங்கி, உள்ளே இருப்பவை தின்று கொழுத்துப் பெருகிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சாப்பாடு தீர்ந்து, பெருகுவது நின்றுபோன குழம்பை யாரும் தொடமாட்டார்கள். 'கிழம்' என்று சொல்லி பிளீச்சிங் வாளியில் கொட்டிவிடுவார்கள். பேராசிரியரின் மாணவர்களும், மாணவர்களின் மாணவர்களும் அப்படிக் கொட்டியே வளர்ந்தவர்கள்.

பேராசிரியருக்கோ இதெல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தது. திங்கட்கிழமை காலை குடுவையைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே பிடித்து, "என்ன அருமையா வளர்ந்திருக்கு பாரு!" என்றார். மச்சினன் அதை மூன்று கோணத்தில் எடுத்தான்.

சோதனை எளியதுதான். பேரரசனின் முதுகில் முன்கூட்டியே ஒரு சின்ன வால் ஒட்டிவைத்திருப்பார்கள். பாக்டீரியாக்களை உடைத்து, கிடைக்கும் சாற்றை நுண்ணிய மணிகளின் மேல் ஓடவிட்டால், மணிகள் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவினால் போய்விடும். கூட்டத்தில் ஒருத்தரைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுக்கிற மாதிரி. அவர் யார் கையையாவது இறுகப் பிடித்திருந்தால் அந்த ஆளும் சேர்ந்து வருவார். இதுவரை பேரரசன் எப்போதும் தனியாகத்தான் வந்திருக்கிறான். பேரரசன் என்றால் தனிமைதானே என்று பேராசிரியர் ஒரு மாநாட்டில் பேசி, இரண்டு பேர் கண் கலங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

மணிகளிலிருந்து வந்ததை, ஒவ்வொரு புரதமும் தனித்தனிக் கோடாகப் பிரிகிற ஜெல் தகட்டில் ஓட்டி, நீலச் சாயம் ஏற்றி, மிச்சச் சாயத்தை வெளியேற்றுவது ஆய்வு மாணவியின் வேலை. அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் 'சந்தேகம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். அக்காவின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை மதியம்தான் திரும்பியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை தட்டோடு பேராசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், ரெண்டு கோடு இருக்கு."

பேராசிரியர் பார்த்தார். தெரிந்த இடத்தில் பேரரசனின் நீலக் கோடு. அதற்கு மேலே, கூச்சமே இல்லாமல், தடியாக இன்னொன்று.

"அழுக்கு. சரியாக் கழுவாம விட்டா இப்படித்தான் வரும்."

"கழுவினது நீங்கதான் சார். வீடியோகூட இருக்கு."

பேராசிரியர் இருமினார்.

"எந்தக் குடுவை கல்ச்சர் சார் எடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழமை போட்டேனே, அதுதான்."

"போட்டது வெள்ளிக்கிழமை. எடுத்தது?"

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிலையின் கிரீடத்தை ஒருவன் ஏணியில் ஏறித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சார், அது ரெண்டு நாள் பட்டினி கிடந்த கல்ச்சர். நாங்கன்னா வாளியில கொட்டியிருப்போம்."

"அப்ப கொட்டு. புதுசா ஒண்ணு போடு. விழாவுக்குப் படம் வேணும்."

அவள் கொட்டவில்லை. சந்தேகம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். ஃப்ரீசரில் மிச்சமிருந்த கிழத்தையும், புதிதாக வளர்த்த இளசையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினாள். இளசில் பேரரசன் மட்டும். கிழத்தில் பேரரசனும் கூட்டாளியும். மறுபடி செய்தாள். அதே கதை. அந்தத் தடிக் கோட்டைக் கத்தியால் வெட்டிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய், அங்கே எடைபோட்டு ஆளை அடையாளம் காட்டும் கருவியில் கொடுத்தாள். வந்த பெயரை அவள் நம்பவில்லை. கருவியை ஓட்டுகிறவரிடம் இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். அதற்கும் அதே பெயர்தான் வந்தது.

செவ்வாய் இரவு செய்தியைக் கேட்டதும் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"சக்கரமா? சக்கரத்தையா பிடிச்சிருக்கான்?"

பாக்டீரியாவின் தோலில் பதிந்திருக்கும் சக்கரம் அது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சுழல்கிற சக்கரம். பாக்டீரியா சாப்பிட்டதை எரித்து, அந்தத் தெம்பில் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. வெளியே நெரிசல் தாங்காமல் அவை இந்தச் சக்கரத்தின் வழியாக உள்ளே பாய்கின்றன. பாய்ச்சலில் சக்கரம் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏடிபி உதிர்கிறது. ஒரு பாக்டீரியாவின் மேனியில் இப்படி நூற்றுக்கணக்கான சக்கரங்கள். உலகத்தில் உயிர் என்று எதுவெல்லாம் மூச்சு விடுகிறதோ, அதில் அநேகமாக எல்லாவற்றுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவத்தில் இது சுற்றிக்கொண்டிருக்கிறது.

"பாத்தியா!" என்றார் பேராசிரியர். "நான் அப்பவே சொன்னேன். எரிபொருள் பிறக்கிற இடத்துலயே கை வச்சிருக்கான் என் ஆளு! அரியணை! சக்கரம்தான் அவன் அரியணை! ஸ்லைடுல போடு!"

மாணவி தலையைச் சாய்த்தாள்.

"என்னம்மா சந்தேகம், இதுலயும் சந்தேகமா?"

"இல்ல சார். சக்கரத்த ஓட்டுறவரா இருந்தா, சாப்பாடு நிறைய இருக்கும்போதுதானே பிடிச்சிருக்கணும்? எல்லாம் தீந்த பிறகு வந்து எதுக்குப் பிடிக்கிறார்?"

ஸ்லைடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர். அன்று ராத்திரி அவர் எழுதி வைத்திருந்த சொற்பொழிவில் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மின்மினிப் பூச்சியின் வயிற்றில் ஒளியை உண்டாக்குகிற பொருள் ஒன்று இருக்கிறது. ஏடிபி இருந்தால் அது ஒளிரும், தீர்ந்தால் அணையும். மாணவி தட்டில் இரண்டு வரிசைக் குழிகளை நிரப்பினாள். மேல் வரிசையில் பேரரசன் உள்ள பாக்டீரியா. கீழ் வரிசையில் பேரரசன் இல்லாதது. இரண்டுக்கும் முதலில் வயிறாரச் சர்க்கரை. பிறகு அதைக் கழுவி எடுத்துவிட்டுப் பட்டினி போட்டு, நேரம் விட்டு நேரம் எடுத்த துளிகளில் மின்மினிப் பொருளைச் சேர்த்தாள். தட்டை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே உள்ள கேமரா காட்டுவது திரையில் தெரியும்.

திரை இருண்டிருந்தது. பிறகு புள்ளிகள் வந்தன.

பட்டினிக்கு முன் எடுத்த முதல் குழிகளில் இரண்டு வரிசையும் ஒரேபோல ஒளிர்ந்தன. எது பேரரசன் உள்ளது, எது இல்லாதது என்று சொல்லவே முடியவில்லை.

"தப்பா வச்சிட்டியா?" என்றார் பேராசிரியர். "அவன் இல்லாம எரிபொருள் எப்படி வரும்?"

"தப்பில்ல சார். வருது. நல்லாவே வருது."

பேரரசன் இல்லாமலே ராஜ்ஜியம் ஜாம்ஜாமென்று நடந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷம்?

கண்ணை வலப்பக்கம் ஓட்டினார். பட்டினி ஏற ஏற, கீழ் வரிசைப் புள்ளிகள் மங்கின. அடுத்தது இன்னும் மங்கல். அதற்கடுத்தது, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவு. அதற்குப் பிறகு வெறும் இருட்டு.

மேல் வரிசை கொஞ்சம் தணிந்தது. தணிந்து, அங்கேயே நின்றது. கடைசிக் குழிவரை சின்னதாக, அசையாமல், ஒளி.

முதலில் பேசியது பேராசிரியர்தான். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"தலைகீழாச் சுத்துது."

"சார்?"

"சக்கரம்மா. சாப்பாடு இல்லன்னா பாய்ச்சல் இல்ல. பாய்ச்சல் இல்லன்னா சக்கரம் சும்மா நிக்காது, தலைகீழாச் சுத்த ஆரம்பிக்கும். இருக்கிற ஏடிபியையும் தின்னுட்டு, புரோட்டான வெளிய தள்ளிட்டே இருக்கும். இது பாடப் புத்தகத்துலயே இருக்கு, நானே நடத்தியிருக்கேன். கீழ இருக்கிறதெல்லாம் அப்படிச் சுத்தித்தான் காலியாச்சு." மேல் வரிசையை விரலால் தொட்டார். "இதுல மட்டும் யாரோ போய்ப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க."

யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு முன் அவர் அளந்தது பொய்யல்ல. காலையில் எரிபொருள் இல்லாமல் கிடந்த பாக்டீரியாக்கள் நிஜம்தான். உண்டாக்க முடியாமல் அவை காலியாகவில்லை. பட்டினி நேரத்தில் பிடித்து நிறுத்த ஆளில்லாமல், இருந்ததையெல்லாம் சுற்றித் தீர்த்திருந்தன. எண்கள் அத்தனையும் சரி. அவற்றின் தலையில் இவர் வைத்த கிரீடம்தான் தவறு. பேரரசன் எதையும் உண்டாக்கவில்லை. அவன் ஒரு பிரேக். வண்டி ஓடும்போது யாரும் நினைத்துப் பார்க்காத சாமான்.

பழக்கதோஷம் சும்மா விடுமா? உடனே அவர் மனசு ஒரு புதுப் பட்டத்தைத் தேடியது. "தியாகப் பேரரசன்னு சொல்லலாமா? அடக்கி ஆளும் அரசன்? ராஜரிஷி?"

"சார், இன்னொண்ணு பாக்கலாமா?" என்றாள் மாணவி. "மறுபடி சாப்பாடு குடுத்தா என்ன பண்றார்னு."

பட்டினி கிடந்த குடுவையில் பேராசிரியரே சர்க்கரையை ஊற்றினார். இந்த முறை மச்சினன் இல்லை. முகத்தில் என்ன பாவம் இருந்ததென்று பதிவாகவில்லை. ஊற்றுமுன் கொஞ்சம், ஊற்றிய கையோடு கொஞ்சம், பிறகு விட்டு விட்டுக் கொஞ்சம் என்று மாணவி எடுத்தாள். உடைத்து, மணிகளில் பிடித்து, கழுவி, ஓட்டி, சாயமேற்றி முடிப்பதற்குள் வியாழன் காலையாகிவிட்டது.

விளக்குப் பெட்டியின் வெள்ளை வெளிச்சத்தில் ஜெல் கிடந்தது. கீழே பேரரசனின் கோடு, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம். மேலே சக்கரத்தின் கோடு: சர்க்கரைக்கு முன் தடியாக. சர்க்கரை விழுந்த கையோடு எடுத்ததில் பாதி. அடுத்ததில் ஒரு நிழல். அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை.

விட்டுவிட்டது. சாப்பாடு வந்ததும் பிடித்த பிடியை விட்டுவிட்டது.

பேராசிரியர் முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் புரதத்துக்குக் கண் இல்லை, காது இல்லை, மூளை என்று சொல்ல ஒரு சுருக்கம்கூட இல்லை. கோடிக்கணக்கில் சேர்த்து வைத்தாலும் ஒரு தூசு தேறாது. அந்த இருட்டில், அந்த நெரிசலில், ஊர் பட்டினியாகும்போது சரியான சக்கரத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது. ஊர் பிழைத்துக்கொண்டதும், ஒரு பேச்சு இல்லை, ஒரு நன்றியுரை இல்லை, கையை எடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அவருடைய வயிற்றுக்குள்ளேயே இந்த நிமிஷம் எத்தனை கோடி பாக்டீரியாக்களில் இதுபோல யார் யாரோ எதை எதையோ பிடித்தும் விட்டும் கொண்டிருக்கிறார்கள்! ராஜரிஷி என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எத்தனை தடவ வாளியில கொட்டியிருப்பேன்!" என்றாள் மாணவி. "கையில இருந்திருக்கு சார். கொட்டிக் கொட்டிக் கழுவி வச்சிருக்கேன்."

"நான் கொட்டச் சொல்லிக் குடுத்தேன்," என்றார் பேராசிரியர். அந்த வாக்கியத்தை அதற்கு மேல் நீட்டவில்லை. மாணவி நிமிர்ந்து பார்த்தாள், உடம்புக்கு ஏதாவதா என்று.

மதியம் இயக்குநரைப் பார்க்கப் போனார். இயக்குநர் எதற்கும் பதறாதவர். பதறவேண்டியதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறவர்.

"அற்புதம்! பெரிய கண்டுபிடிப்பு! விழா முடியட்டும். அப்புறம் மெதுவா ஒரு கட்டுரையாப் போடுங்க."

"நாளைக்கு மேடையில நான் என்ன பேசறது?"

"வழக்கமா பேசறதுதான். உங்களுக்குத் தெரியாததா? ஆற்றல் மையத்துத் தலைவர் வந்து, எங்க ஆளு பேரரசன் இல்ல, வண்டிய நிறுத்தற பிரேக்குன்னா கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? சிலைக்கு வேற ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சாச்சு." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லுங்க, கொசுகிட்ட சொல்லிடறேன். அவர் பேசத் தயாரா இருக்கார்."

கொசு என்பது அடுத்த மாடிப் பேராசிரியர். ஆராய்வதும் கொசு, குரலும் ஏறக்குறைய அதுவே. தான் காத்திருந்த நாற்காலியில் கொசு உட்கார்ந்திருக்கும் காட்சி பேராசிரியரின் கண்முன்னால் வந்து ரீங்கரித்தது.

மாலை வீட்டு பால்கனியில், துவைத்த துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கேட்டுவிட்டு ஒரு சட்டையை உதறினார்.

"அப்ப உங்க பேரரசர் என் வேலைதான் பாக்குறாரா?"

"கிண்டல் பண்ணாத. என் பொழப்பே சிரிப்பாச் சிரிக்குது."

"கிண்டல் இல்லங்க. விருந்துக்குப் போற இடத்துல எல்லாம் சொல்வீங்களே, என் புரதம் எழுப்பிவிடும், என் பொண்டாட்டி தூங்க வைப்பான்னு. சொல்லிட்டு நீங்களே முதல்ல சிரிப்பீங்க."

பேராசிரியர் ஒரு துணிக்கிளிப்பைத் திறந்து மூடினார்.

"நாளைக்குச் சொன்னா தலைவர் பதவி போச்சு. அதுக்கப்புறம் வராது. சொல்லலன்னா யாருக்கும் நஷ்டமில்ல, ஒரு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாமே. அப்புறம் ஏன் நேத்து ராத்திரியெல்லாம் கைய இப்படி இப்படிப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுட்டு இருந்தீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். இடது முஷ்டியை வலது விரல்கள் கவ்விக்கொண்டிருந்தன. கவ்வின, விட்டன. துணிக்கிளிப்பு எப்போதோ கீழே விழுந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மஞ்சள் பூக்கள். சிறப்பு விருந்தினர் மின்வாரியத்தின் தலைவி. பல விழாக்கள் பார்த்துச் சலித்த முகத்தோடு, யாருக்கும் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மச்சினனின் வீடியோ ஓடியது: பேராசிரியர் பின்னணி இசையோடு குடுவையை உயர்த்தி ஆழ்ந்து பார்த்தார். கைதட்டல்.

பேராசிரியர் மேடையேறினார். முதல் வரிசையில் இயக்குநர் வயிற்றின் மேல் கைகோத்துச் சாய்ந்துகொண்டார். மனப்பாடமான பேச்சு தொண்டைவரை வந்து வரிசையில் நின்றது.

"இப்ப நீங்க பாத்தீங்களே, அந்தக் குடுவை," என்றார். "அது கெட்டுப்போன குடுவை. பூ விவகாரத்துல மறந்துட்டேன். ரெண்டு நாள் பட்டினி கிடந்துது."

சிலர் சிரித்தார்கள். பேச்சின் அழகு என்று நினைத்திருக்க வேண்டும்.

"இந்தப் புரதம் எரிபொருள உண்டாக்குதுன்னு இருபது வருஷமா சொல்லிட்டு வந்தேன். தப்பு. அது உண்டாக்கல."

சிரிப்பு நின்றது. இயக்குநரின் கோத்த கை பிரிந்தது. பேராசிரியர் அங்கே பார்க்கவில்லை. இடது முஷ்டியை உயர்த்திச் சுழற்றினார். "இது சக்கரம். சாப்பாடு இருந்தா இப்படிச் சுத்தும். இல்லன்னா..." முஷ்டி தலைகீழாகச் சுழன்றது. வலது கை பாய்ந்து கவ்வியது. "இப்படி வந்து பிடிக்குது! கண்ணு கிடையாது, ஒண்ணும் கிடையாது. பிடிச்சுக்கிட்டே இருக்கு, ஊரே உயிரோட இருக்கணும்னு. சாப்பாடு வந்துது..." கை மெல்ல விலகியது. "விட்டுடுது. நேத்துத்தான் பாத்தேன். நானும் என் மாணவியும். எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி இத யாரும் பாத்ததில்லன்னு நினைக்கிறேன். பாத்திருந்தாலும் வாளியில கொட்டியிருப்பாங்க."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அரங்கத்தில் யாருக்கும் கைதட்டுவதா என்று புரியவில்லை. அவர் பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடிந்து அவர்களுக்குப் பழக்கமில்லை.

மின்வாரியத் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் வெறுங்கால்தான்.

"ஒண்ணு கேக்கலாமா? எங்க நிலையத்துல டர்பைன நிறுத்தணும்னா கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருத்தர் போன் பண்ணுவார். இதுக்கு யார் போன் பண்றது? சாப்பாடு தீந்துதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியர் யோசித்தார். இந்தக் கேள்வி நேற்றிலிருந்து தன் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது, கேட்கத்தான் தெரியவில்லை.

"தெரியலைங்க," என்றார். மேடையில் நின்று அவர் இதைச் சொல்வது முதல் தடவை. சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "நிஜமாவே தெரியல! யாரோ ஒருத்தர் சொல்றாங்க. இன்னொரு புரதமா இருக்கலாம். அதுக்கு வேற யாராவது சொல்லணும். அவங்களுக்கு?"

"உள்ள ஒரு தொலைபேசி இலாகாவே நடக்குதுன்னு சொல்லுங்க," என்றார் தலைவி.

பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி, தலைவியின் பக்கத்து நாற்காலியில், அது யாருக்கு ஒதுக்கியது என்று பார்க்காமல் உட்கார்ந்தார். மாணவியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் பின்வரிசையிலிருந்து ஆட்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். மேடையேறிய இயக்குநர் தொண்டையைச் செருமி, மையத்தின் தலைவர் பெயரை அறிவித்தார். ஒரு மெல்லிய ரீங்காரக் குரல் நன்றி சொல்லத் தொடங்கியது. எல்லோரும் தட்டியதால் பேராசிரியரும் இரண்டு தட்டுத் தட்டினார். எதற்கென்று கேட்கவில்லை. மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன. தலைவி அழைப்பிதழின் பின்பக்கத்தில் தன் மின்நிலையத்தைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார், மாணவி அதில் எங்கே முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.